வெறுங்கையோட சொன்ன பேரு

ராஜா கதை வேணுமா உங்களுக்கு? ராஜாவெல்லாம் பின்னால வந்தவங்க. கிரீடம் வர்றதுக்கு முன்னாடி, கோட்டை வர்றதுக்கு முன்னாடி, மலைமேல கள்ளு வர்றதுக்கும் முன்னாடி தொடங்குன கதை இது. நடுவுல கேள்வி வந்தா கேளுங்க. ஆனா கேட்டவங்க பதிலையும் நின்னு கேட்டுட்டுத்தான் போகணும், ஆமா.

கூகைமலைன்னு ஒரு மலை. அந்த மலையோட ஒரு பக்கம் செங்குத்தா ஒரு பாறை. வருசா வருசம் மலைத்தேனீ வந்து அதுல கூடு கட்டும். ஒவ்வொரு கூடும் முறத்தளவு. அதனால அதுக்குத் தேன்பாறைன்னே பேரு. மலைச்சனங்களுக்குப் பசிச்சா தேன், நோவு வந்தா தேன், கீழ்நாட்டு உப்பு வேணும்னா அதுக்கு மாத்தாவும் தேன்.

அந்த மலையில கொற்றின்னு ஒருத்தி இருந்தா. அவ வாய்க்கு மலையே நடுங்கும். மழை தப்பிப் பெஞ்சா வானத்தோட சண்டை, கெழங்கு வேகலைன்னா நெருப்போட சண்டை, யாருமே கெடைக்கலைன்னா அவ அண்ணன் கோடனோட சண்டை. அவ புருஷன் தும்பன் இதுக்கு நேர் எதிர். அவ நூறு வார்த்தை சொன்னா அவன் ஒரு சிரிப்பு சிரிப்பான். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கெளப்பும்.

ஒரு வருசம் தேன் எடுத்துக்கிட்டிருக்கும்போதே மழை புடிச்சுக்கிச்சு. கையில இருந்த மூங்கில் குழாய்க்கு இலையை வெச்சு அடைச்சு, பாறைச் சந்துல செருகிட்டு ரெண்டு பேரும் ஓடி வந்துட்டாங்க. வந்தவங்க அதை மறந்தும் போனாங்க. இலை அடைப்பு வழியா மழைத்தண்ணி உள்ள எறங்குச்சு. தேனும் தண்ணியுமா அது பாட்டுக்கு அங்கயே கெடந்துச்சு.

மழையெல்லாம் ஓய்ஞ்ச பெறகு போய்ப் பாத்தா, அடைப்பு தெறிச்சுக் கெடக்கு. குழாய் வாயில நுரை. உள்ள முணுமுணுன்னு ஒரு சத்தம்.

“உள்ள யாரோ பேசுறாங்க புள்ள”ன்னான் தும்பன்.

“உன்னை விட நல்லாப் பேசுதே! இதை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன், நீ இங்கயே இரு”ன்னா கொற்றி.

தும்பன் ஒரு வாய் குடிச்சான், மூஞ்சி சுருங்குச்சு. ரெண்டாவது வாய் குடிச்சான், காது சூடாச்சு. மூணாவது வாய் குடிச்சான், பேசாத மனுஷன் பேச ஆரம்பிச்சான்.

“உன்னை நான் மொத மொதல்ல பாத்தப்ப, கெழங்குப் பங்குக்கு உங்க அண்ணனோட மல்லுக்கு நின்னுக்கிட்டிருந்தே. அன்னைக்கு உன் பக்கம்தான் நியாயம். அதைச் சொல்லணும்னு இத்தனை நாளா நெனைக்கிறேன், வாய் வரவே இல்ல.”

கொற்றியும் மூணு வாய் குடிச்சா. வாய் ஓயாதவ வாயை மூடிக்கிட்டு, அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தா. பாறை மேல மஞ்ச வெயில் எறங்கி, அது செவப்பாகி, அதுவும் மங்கிப் போற வரைக்கும் கேட்டா. பின்னால எத்தனையோ சாயங்காலம் வந்துச்சு, போச்சு. அந்த ஒண்ணு மாதிரி இன்னொண்ணு அவளுக்கு வரவே இல்ல.

தெளிஞ்ச தேன்ங்கறதால அதுக்குத் தேறல்னு பேரு வெச்சாங்க. அடுத்த வருசம் தெரிஞ்சே செஞ்சாங்க. தேன், ஊத்துத்தண்ணி, மூங்கில், இலையடைப்பு, பாறைச்சந்து. மலைக்கே ஒரே ஒரு குழாய்தான். ஆளுக்கு ஒரு வாய் வந்தா அதிகம். அந்த ஒரு வாய்க்கே வேங்கை மரத்தடியில பாட்டென்ன, ஆட்டமென்ன!

அடுத்த தேன் காலத்துலதான் அந்தக் கெட்ட நாள் வந்துச்சு.

தேன் எடுக்குறவன் பாறையில கொடியைக் கட்டிக்கிட்டுத் தொங்கும்போது மேல கொடியைப் புடிக்கிறவன் யாருன்னு கூகைமலையில ஒரு மொறை உண்டு. பொண்டாட்டியோட கூடப்பொறந்தவன்தான் புடிக்கணும். எந்த அண்ணன் தன் தங்கச்சியைப் புருஷன் இல்லாம நிக்க விடுவான்? அதான் கணக்கு. அன்னைக்குக் கோடன்தான் புடிச்சிருந்தான். கெட்டியாத்தான் புடிச்சிருந்தான். பாறை விளிம்புல உரசி உரசிக் கொடி அறுந்துச்சு. கோடன் கையில பாதிக் கொடி. தும்பன் கீழ.

யாரும் கோடனை ஒரு சொல் சொல்லல. கொற்றியே சொல்லல. அவளே சொல்லாதப்ப வேற எவன் சொல்லுவான்?

இங்க இன்னொரு சேதி தெரிஞ்சுக்கணும் நீங்க. கூகைமலையில செத்தவங்க பேரைச் சொல்லவே மாட்டாங்க. சொன்னா சொன்னவங்க நாக்கு கல்லாயிடும்னு பயம். அம்மா செத்தா அம்மா பேரு போச்சு. புள்ள செத்தா புள்ள பேரு போச்சு. ஆளைப் பொதைக்கும்போதே பேரையும் சேத்துப் பொதைச்சுடுவாங்க.

துக்கத்துக்கு எல்லாரும் கூடி ஊமையா உக்காந்திருந்தாங்க. அந்தத் தேன் காலத் தொடக்கத்துல தும்பன் பாறைச்சந்துல வெச்ச குழாய் அப்படியே இருந்துச்சு. கொற்றி அதைத் தொறந்தா, எல்லாருக்கும் ஊத்துனா, தன் குவளையைக் கையில எடுத்தா. எடுத்தவ வாயில, நெனைக்காமயே வந்து விழுந்துச்சு: “தும்பன் வெச்சது இது.”

எல்லாரும் மூச்சைப் புடிச்சுக்கிட்டாங்க. நாக்கு கல்லாச்சா? ஆகல. எப்பவும் பேசுறதை விட அன்னைக்குக் கொஞ்சம் கூடுதலாவே பேசுனா. தும்பன் சிரிப்பைச் சொன்னா, நடையைச் சொன்னா, அந்தச் சாயங்காலத்தைச் சொன்னா. அழுதா. சனமும் அழுதுச்சு.

உடனே ஊர் ஒரு முடிவு கட்டுச்சு: கையில தேறல் இருந்துச்சு, அதான் நாக்கு தப்பிச்சுச்சு!

இது என்ன நியாயம்? ஒருத்தன் காதுல பூ வெச்சுக்கிட்டு ஆத்தைத் தாண்டுனான். கரை சேந்தான். அப்ப அவனைக் கரை சேத்தது பூவா? ஆனா அப்படித்தான் முடிவு கட்டுனாங்க. கொற்றியும் கட்டுனா. ஊர் வம்புக்கெல்லாம் வாதாடத் தெரிஞ்சவளுக்குத் தன் துக்கத்தோட வாதாடத் தெரியல.

அதுலேருந்து அதுவே மொறையாச்சு. வருசத்துல ஒரு நாள், தேன் காலம் முடிஞ்சதும், வேங்கை மரத்தடியில கூடுவாங்க. ஆளுக்கு ஒரு குவளை. குவளையைக் கையில எடுத்து, போனவங்க பேரைச் சொல்லி, அவங்களைப் பத்தி ஒரு கதை சொல்லிட்டுத்தான் குடிக்கணும். பக்கத்து வீட்டு நாகி, வெந்த கெழங்கைத் திருடித் தின்ன தன் மாமியார் கதையைச் சொல்லிச் சிரிப்பா, சிரிச்சுக்கிட்டே அழுவா. கொற்றிக்கு அந்த ஒரு நாளுக்காகத்தான் மிச்ச நாளெல்லாம். அந்த ஒரு நாள்தான் அவ தும்பனைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியும்.

நல்லாத்தான் இருந்துச்சு. நல்லா இருக்குறதை அப்படியே விட்டு வைக்க மனுஷனுக்குத் தெரியுமா?

கோடன் மலைத்தலைவன் ஆனான். வருசத்துக்கு ஒரு நாள்ங்கறது பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆச்சு. பௌர்ணமிக்குப் பௌர்ணமிங்கறது தெனமும் ஆச்சு. மொதல்ல பேரும் கதையும் சொல்லிக் குடிச்சாங்க. பெறகு பேரை மட்டும் சொல்லிக் குடிச்சாங்க. அதுக்கும் பெறகு, குவளையைத் தூக்கி “ம்”ன்னு ஒரு மொனகல், உடனே மடக்குன்னு ஊத்திக்கிட்டாங்க. பாவம், செத்தவங்க அந்த “ம்”முல யாரு பேருன்னு எப்படிக் கண்டுபுடிப்பாங்க?

கோடன் எல்லாருக்கும் மேல குடிச்சான். எப்பவாவது அவன் அம்மா பேரைச் சொல்லுவான். தும்பன் பேரை மட்டும் குவளை கையில இருந்தும் ஒரு நாளும் சொன்னதில்ல. கொற்றி அதைக் கவனிச்சா. கேக்கல.

“அண்ணே, தேனெல்லாம் தேறலாவே போயிட்டா கொழந்தைகளுக்கு எங்கேருந்து தர்றது?”ன்னு மட்டும் கேட்டா.

“நீ கண்டுபுடிச்ச சரக்குதானே தங்கச்சி, உனக்கே கசக்குதா?”ன்னான் அவன். சுத்தி இருந்தவங்க கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. அன்னைக்கு ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரல. சொன்னது உண்மைதானே.

இதுக்கு நடுவுல இன்னொரு மொறையும் மொளைச்சுது. பேரைச் சொன்னா போனவங்க வந்து நிக்கிறாங்க. அவங்க நிக்கும்போது, கையில குவளையோட ஒரு வாக்குக் குடுத்தா, அதை அவங்க கேட்டுட்டாங்க. அவங்க கேட்ட வாக்கை மாத்த முடியாது. தெளிஞ்சிருக்கும்போது சொன்னதை மாத்தலாம், போதையில சொன்னதை மாத்தக் கூடாது! இப்படி ஒரு சட்டத்தை ஒலகத்துல வேற எந்த மலையாவது போட்டிருக்குமா?

இதை ஒருத்தன் உன்னிப்பாப் பாத்துக்கிட்டே இருந்தான். அவன் பேரு தத்தன், கீழ்நாட்டு உப்பு வணிகன். கழுதை மேல உப்பேத்திக்கிட்டு வந்து, தேனை மாத்திக்கிட்டுப் போறவன். ஒரு தடவை உப்போட, அடி கூம்பி ரெண்டு பக்கமும் காது வெச்ச ஒரு மண் ஜாடியையும் ஏத்திக்கிட்டு வந்தான்.

“தலைவரே, ஒலகத்துல குடிக்கிறது நீங்க மட்டும்னு நெனைச்சுக்காதீங்க. கீழ எங்க பக்கம் பனையைச் சீவிக் கள்ளு எறக்குறாங்க. வயக்காட்டுப் பக்கம் அரிசியை ஊற வெச்சு எடுக்குறாங்க. கடலுக்கு அந்தாண்ட யவனங்க இருக்காங்க பாருங்க, பழத்தைக் காலால மிதிச்சே எடுத்துடறாங்க. அதுதான் இது, கப்பல்ல வந்தது. உங்களுக்குன்னே தூக்கிட்டு வந்தேன்.”

“கால் கழுவிட்டு மிதிச்சாங்களா?”ன்னா கொற்றி.

“தங்கச்சிக்கு எப்பவும் வெளையாட்டு”ன்னான் தத்தன்.

“எனக்கு ஒரு அண்ணன் போதும். அவனையே என்னால மேய்க்க முடியல.”

தத்தன் சிரிச்சுக்கிட்டே ஊத்துனான். செவப்பா இருந்துச்சு, இனிப்பா இருந்துச்சு, தேறலை விட நல்லாத் தூக்குச்சு. கோடன் ஒண்ணு குடிச்சான், ரெண்டு குடிச்சான், மூணாவது குவளையைக் கையில எடுத்தப்ப தத்தன் குரலை எறக்கிக்கிட்டான்.

“தலைவரே, உங்க அம்மா பேரைச் சொல்லிக் குடிங்க. அவங்களும் ருசி பாக்கட்டும்.”

கோடன் அம்மா பேரைச் சொன்னான். கண்ணுல தண்ணி.

“அம்மா பக்கத்துலதான் நிக்கிறாங்க. அவங்க கேக்க ஒரு வார்த்தை சொல்லுங்க. தேன்பாறை இனிமே தத்தனுக்குன்னு.”

“தத்தனுக்கு”ன்னான் கோடன். சொல்லிட்டு அப்படியே சாஞ்சுட்டான்.

கேட்டவங்க வெலவெலத்துப் போனாங்க. கொற்றி மனசுக்குள்ள கணக்குப் போட்டா. பாறை போனா தேன் போச்சு. தேன் போனா தேறல் போச்சு. தேறல் போனா? கடைசி வரைக்கும் தும்பன் பேரை வாய் விட்டுச் சொல்ல முடியாது. உசுரோட இருந்தவன் ஒரு தடவை போனான். இப்ப பேரும் போகப் போகுது.

விடிஞ்சதும் வேங்கை மரத்தடியில ஊர் கூடுச்சு. கோடன் தலையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். தத்தனோட கழுதை ஓட்டி வந்த ஆளுங்க பாறைக்குப் போகக் கொடியைச் சுருட்டிக்கிட்டிருந்தாங்க.

கொற்றி எழுந்தா. “எங்க அண்ணன் சொன்னது நெனைப்பு இல்லாம சொன்னது. அது செல்லாது.”

“நெனைப்போட சொன்னதை மாத்தலாம், குவளையோட சொன்னதை மாத்தக் கூடாது. இது உங்க மொறையா, எங்க மொறையா?”ன்னான் தத்தன்.

மொத வாதம் விழுந்துச்சு.

“பாறை கோடனோடது இல்ல. எல்லாரோடதும். ஒருத்தன் எப்படிக் குடுப்பான்?”

“போன வருசம் ஓடைக்கரைக் குங்கிலிய மரத்தையெல்லாம் இதே தலைவரு குவளையோட எனக்குக் குடுத்தாரு. அப்ப எல்லாரும் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க? குடிச்சுக்கிட்டுத்தானே?”

ரெண்டாவது வாதமும் விழுந்துச்சு. சனம் தலையைக் குனிஞ்சுக்கிச்சு. ஏன்னா அவன் சொன்னதும் உண்மைதான்.

தத்தன் நெருங்கி வந்து மெதுவாச் சொன்னான். “விட்டுடு தங்கச்சி. நான் கெட்டவன் இல்ல. வருசத்துக்கு ஒரு ஜாடி உனக்குன்னு தனியாக் கொண்டாறேன். நீ பாட்டுக்கு உன் புருஷன் பேரைச் சொல்லிக்கிட்டு இரு.”

நேக்காத்தான் அடிச்சான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், கொற்றிக்கு ஆசை வந்துச்சு. ஊரோட பாறை போனா போகட்டும், தனக்குத் தும்பன் பேரு இருக்குமே! அப்புறம்தான் உறைச்சுது. தும்பன் பேரு இவன் ஜாடிக்குள்ளயா இருக்கு? அவன் பொறந்தப்ப அவன் அம்மா எந்தக் குவளையைப் புடிச்சுக்கிட்டுப் பேரு வெச்சா?

அவ சனத்தைப் பாத்துத் திரும்புனா. ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுனா. வெறும் கை.

“போனவங்க குவளையிலதான் வர்றாங்கன்னு சொல்றோம். அதுல வர்றதாலதான் அதோட குடுத்த வாக்கை மாத்த முடியாதுன்னு சொல்றோம். அவங்க அதுல இல்லேன்னா? அப்ப கோடன் நேத்து சொன்னது வெறும் குடிகாரன் ஒளறல். சரிதானே?”

“அடியே, வேண்டாம்டி! நாக்கு கல்லாயிடும்டி!”ன்னு நாகி ஓடி வந்து அவ வாயைப் பொத்தப் பாத்தா.

“ஆனா ஆகட்டும். ஊரு நிம்மதியா இருக்கும்”ன்னு சொல்லி அவ கையை வெலக்கிட்டா.

சிரிக்கத்தான் சொன்னா. ஆனா பயம் இல்லாம இல்ல. வானத்தோட சண்டை போட்டவ, நெருப்போட சண்டை போட்டவ, அவகிட்ட இருந்தது அந்த ஒரு நாக்குதான். அது போனா அவ யாரு?

“தும்பன்.”

சனம் அவ வாயையே பாத்துச்சு.

“தும்பன். என் புருஷன் தும்பன்.”

அப்புறம் அவ பேசல. உதடு அசைஞ்சுது, சத்தம் வரல. “கல்லாயிடுச்சு”ன்னு யாரோ குசுகுசுத்தாங்க. நாகி ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டா. தத்தன் மூஞ்சியில ஒரு சிரிப்பு எட்டிப் பாத்துச்சு.

ஆனா கொற்றி நாக்குக்கு ஒண்ணும் ஆகல. அவ பாத்துக்கிட்டு நின்னா. இத்தனை வருசம் தேறல் தலைக்கேறி அந்தப் பேரைச் சொன்னப்பெல்லாம் கடைசியில வந்து நின்னது அவன் விழுந்ததுதான். இப்ப தெளிஞ்ச தலையோட சொன்னா, அவன் உசுரோட இருந்தது கண்ணு முன்னால வந்துச்சு. தேனடையை மென்னு மெழுகை வாசக்கால்ல ஒட்டி வைப்பான். சூடான கெழங்கை ரெண்டு கையிலயும் மாத்தி மாத்திப் போட்டு ஊதி, உரிச்சு, முந்தி அவளுக்குத்தான் குடுப்பான். அவ திட்டும்போது மொகத்தைத் திருப்பிக்கிட்டுச் சிரிப்பான். இதெல்லாம் எங்க போயிருந்துச்சு இத்தனை வருசமா?

அவ கண்ணைத் தொடைச்சா. அண்ணனைப் பாத்தா. வாயைத் தொறந்தா.

“ஏண்டா எருமை! உப்பு விக்க வந்தவன் ஊத்துனா, ஊரையே தூக்கிக் குடுத்துடுவியாடா? நம்ம அம்மா உன்னைப் பெத்த அன்னைக்கே கூகை அலறுச்சாம், ஏன்னு இப்பத்தானே புரியுது!”

சனம் அப்படியே பொங்கிச் சிரிச்சுது. கல்லாவது மண்ணாவது! நாகி தன் மாமியார் பேரை வெறுங்கையோட கத்துனா. இன்னொருத்தி தன் புள்ள பேரைச் சொன்னா. ஒரு கெழவன் தன் தம்பி பேரைச் சொன்னான், சொல்லிட்டு அதிசயமா நாக்கை நீட்டித் தொட்டுப் பாத்துக்கிட்டான்.

கோடன் மட்டும் எழுந்திரிக்கல. அப்புறம் வெறுங்கையை மடியில வெச்சுக்கிட்டுச் சொன்னான்.

“தும்பன். கொடி என் கையிலதான் இருந்துச்சு. நான் விடல கொற்றி. சத்தியமா நான் விடல.”

“தெரியும்ணே”ன்னா அவ. அதைச் சொல்ல அவளுக்கும் இத்தனை வருசம் ஆகியிருந்துச்சு. போய் அவன் பக்கத்துல உக்காந்துக்கிட்டா.

அப்பதான் கோடன் எழுந்தான். தத்தனை நேரா நிமிந்து பாத்தான். “பாறையைத் தர மாட்டேன். இப்ப தெளிஞ்சுதான் இருக்கேன், இது வாக்கு. உப்பைக் குடுத்துட்டுத் தேனை வாங்கிக்கிட்டுப் போறதுன்னா இரு. இல்லேன்னா ஜாடியோட எறங்கிடு.”

தத்தன் சனத்தைப் பாத்தான். ஒருத்தரும் தலை குனியல. ஜாடியைக் கழுதை மேல ஏத்துனான். அடுத்த வருசம் அவனே திரும்பியும் வந்தான், உப்பு விக்கணுமே! அந்த வருசத்துலேருந்து அவனோட பேரம் பேசுனது கொற்றி. பாவம் அந்த மனுஷன், கழுதைக்குத் தண்ணி காட்டக்கூட நேரம் குடுக்க மாட்டா.

தேறலை அவங்க விட்டுடல. விட்டாங்கன்னு சொன்னா அது பொய். பழையபடி வருசத்துக்கு ஒரு குழாய், ஆளுக்கு ஒரு வாய், ஒரு பாட்டு. ஆனா வாக்கு குடுக்குறதை மட்டும் காலையில, மொகம் கழுவுன பெறகு வெச்சுக்கிட்டாங்க. போனவங்க பேரை எந்த நாளும் சொன்னாங்க. கெழங்கு தோண்டும்போது சொன்னாங்க, கொழந்தைக்குப் பேரு வைக்கும்போது சொன்னாங்க. கொற்றியும் வேலை முடிஞ்ச சாயங்காலத்துல தேன்பாறைப் பக்கம் தனியாப் போய் உக்காந்து தும்பனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அன்னைக்குத் தான் யார் யாரோட சண்டை போட்டோம்னு வரிசையாச் சொல்லுவா.

இதுலேருந்து தெரிஞ்சுக்க வேண்டியது இதுதான்: போனவங்களை நெனைக்கவும் குடுத்த வாக்குல நிக்கவும் தெளிஞ்ச மனசு போதும், அதுக்குக் கையில குவளை வேண்டியதில்ல.